வாளியைத் தலை தட்டி அளக்க வைத்தது யார்? வெளிநாட்டுத் தோட்டத் தொழிலாளர், ஏற்றுமதி ஆலைத் தொழிலாளர் உரிமைகள் பற்றி ஒரு விவாதம்

1. செம்புலம்

நெல்லை மரக்காலில் குவித்து அளப்பதா, தலை தட்டி அளப்பதா என்று கூலியாளுக்கும் மிராசுதாருக்கும் நடந்த வழக்குகளைத் தஞ்சைப் பக்கத்தில் பிறந்தவர்கள் கேட்டே வளர்ந்திருப்பார்கள். ஏறக்குறைய அதே வழக்கு அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், இம்மாக்கலி என்னும் ஊரைச் சுற்றியுள்ள தக்காளித் தோட்டங்களிலும் பல ஆண்டுகள் நடந்தது. அங்கே பறிப்பவருக்கு வாளிக் கணக்கில் கூலி. காயாக இருக்கும்போதே பறித்த தக்காளி, வாளிக்கு 32 பவுண்டு, அதாவது பதினான்கரை கிலோ. அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு லாரிக்கு ஓடி மேலே நிற்பவரிடம் கொடுத்தால், வெற்று வாளியும் ஒரு சீட்டும் திரும்பி வரும். மாலையில் எத்தனை சீட்டு கையில் இருக்கிறதோ அதுதான் அன்றைய கூலி. விளிம்புக்கு மேல் கோபுரமாகக் குவித்திருந்தால்தான் சீட்டு என்று மேஸ்திரிகள் வைத்திருந்த வழக்கத்தால், பத்து வாளிக்கு ஒரு வாளி என்ற அளவில் உழைப்பு இனாமாகப் போய்க்கொண்டிருந்தது.

இன்று அங்குள்ள பெரும்பாலான தோட்டங்களில் வாளி விளிம்பு மட்டத்துக்கு நிறைந்தால் போதும் என்பது எழுதப்பட்ட விதி. இந்த விதியைக் கொண்டுவந்தது அரசு அல்ல என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். அமெரிக்காவில் சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் 1935-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயத் தொழிலாளரை அப்போதே வெளியே நிறுத்தியது. கூட்டாட்சிச் சட்டப்படி மிகைநேர ஊதியம் இன்றுவரை அவர்களுக்கு இல்லை. 1993-இல் தொடங்கிய இம்மாக்கலி தொழிலாளர் கூட்டமைப்பு முதலில் தோட்ட முதலாளிகளை எதிர்த்து வேலைநிறுத்தமும் உண்ணாவிரதமும் நடத்தியது. கூலி ஓரளவு உயர்ந்தாலும் முதலாளிகள் பேச்சுக்கு இணங்கவில்லை. விலையை நிர்ணயிப்பவர் தோட்டக்காரர் அல்ல, அவரிடம் மொத்தமாக வாங்கும் உணவக நிறுவனமே என்பதைக் கண்டுகொண்ட பிறகு, 2001-இல் டாகோ பெல் நிறுவனத்தைப் புறக்கணிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார்கள். நான்கு ஆண்டுகளில், 2005-இல், அந்நிறுவனம் இணங்கியது. 2007-இல் மெக்டொனால்ட்ஸ், 2008-இல் பர்கர் கிங், 2014-இல் வால்மார்ட். தோட்டக்காரர் சங்கம் 2010 நவம்பரில் உடன்பட்டது.

ஒப்பந்தத்தின் உள்ளடக்கம் எளியது. வாங்குபவர் ஒரு பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகத் தருகிறார். விதிகளைக் காக்கும் தோட்டத்தில் மட்டுமே வாங்குவேன் என்று கையெழுத்திடுகிறார். கொத்தடிமை முறையோ பாலியல் வன்முறையோ நடந்து, தோட்டம் அதைத் திருத்த மறுத்தால், அந்தத் தோட்டத்திலிருந்து கொள்முதல் நின்றுவிடுகிறது. அதே புளோரிடாவில் 2008-இல்கூட தொழிலாளரை லாரிப் பெட்டிக்குள் பூட்டிவைத்துக் கசக்கிய குடும்பத்தார் சிறைக்குப் போனார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த மாற்றத்தின் அளவு விளங்கும்.

என் கருத்து இதுதான்: வெளிநாடுகளில் நமக்காக விளைவிப்போர், தைப்போர் ஆகியோரின் உரிமைக்கு, வாங்குபவரின் கொள்முதலைச் சட்டப்படி நிறுத்தக்கூடிய ஒரு கையெழுத்து வேண்டும். நன்னடத்தை விதிகளும் சான்றிதழ்களும் அந்த வேலையைச் செய்யமாட்டா. ஆலைகளை அறிந்தவர்கள் இதை ஏற்கிறீர்களா?

2. நூற்கண்டு

ஏற்கிறேன் ஐயா. சான்றிதழ் ஏன் வேலை செய்யாது என்பதை நான் அருகிலிருந்து பார்த்தவன். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் மெர்ச்சண்டைசராக இருந்தேன். பையரின், அதாவது எங்களிடம் வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின், சார்பில் ஆடிட் வரும் தேதி எங்களுக்கு முன்கூட்டியே தெரியும். முதல் நாள் முதலுதவிப் பெட்டியில் மருந்து நிறையும். மாடிப்படியில் அடுக்கிய அட்டைப்பெட்டிகள் இடம் மாறும். வயது குறைந்த பிள்ளைகளுக்கு விடுப்பு கிடைக்கும். மிகைநேரம் எழுதாத இரண்டாவது வருகைப் பதிவேடு மேசைக்கு வரும். எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் எட்டு மணி நேரம் என்று சொல்ல வேண்டும் என லைன் லைனாகச் சொல்லிக்கொடுப்போம். சொல்லிக்கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரு முறை செக்கிங் மேசையில் நின்ற பெண்ணிடம் தணிக்கையாளர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கையிலிருந்த துணியைக் கீழே வைக்காமல் அந்தப் பெண் வாசலைப் பார்த்தாள். அங்கே சூப்பர்வைசர் நின்றிருந்தார். பிறகுதான் எட்டு மணி நேரம் என்றாள். அந்தப் பார்வையைத் தணிக்கையாளரும் கவனித்தார். அவருடைய அறிக்கையில் அது இடம்பெறவில்லை.

இது எங்கள் ஊரோடு முடிகிற செய்தியாக இருந்தால் எழுதியிருக்கமாட்டேன். 2012 செப்டம்பரில் கராச்சியில் தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்த ஆடை ஆலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் சமூகப் பொறுப்புச் சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. சன்னல்களில் கம்பி இருந்தது, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24-இல் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடம் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கிருந்த ஆலைகளில் சிலவும் தணிக்கைக்கு உட்பட்டவையே. முந்தின நாள் சுவரில் விரிசல் கண்டதும் கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஐந்து ஆலைகளின் தையல்காரர்களோ, வராவிட்டால் சம்பளம் போகும் என்று மறுநாள் காலை உள்ளே அனுப்பப்பட்டார்கள். விரிசலை அவர்களும் பார்த்திருந்தார்கள். உள்ளே போகமாட்டேன் என்று சொல்லும் அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை.

அதனால்தான் அதே ஆண்டு மே மாதம் கையெழுத்தான வங்கதேச உடன்படிக்கையை, அதாவது அக்கார்டை, நான் பெரிதாக மதிக்கிறேன். இருநூறுக்கும் மேற்பட்ட பிராண்டுகள் ஒருபுறமும், உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் இரண்டும் வங்கதேசச் சங்கங்களும் மறுபுறமும் நின்று செய்த ஒப்பந்தம் அது. பாதுகாப்பற்ற கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமை அதில் எழுத்தில் இருக்கிறது. 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகளின் ஆய்வு அறிக்கைகள் பொதுவில் வெளிவந்தன. பிராண்டு வாக்குத் தவறினால் வழக்குப் போடலாம். போட்டும் காட்டினார்கள். ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்தில் சங்கங்கள் தொடுத்த இரண்டு வழக்குகளில் ஒன்று 2018 தொடக்கத்தில் சமரசத்தில் முடிந்தபோது, அந்தப் பிராண்டு 23 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. நன்னடத்தை விதிப்புத்தகம் எதற்கும் இத்தகைய பலம் இருந்ததை நான் கண்டதில்லை.

3. அல்லிக்குளம்

இருவருக்கும் நன்றி. ஓர் ஐயம் மட்டும். செம்புலம் அவர்கள் சொல்லும் அந்த ஒரு சென்ட் உண்மையிலேயே பறிப்பவரின் கைக்குப் போகிறதா? நம் ஊரில் மேலிருந்து ஒதுக்கிய பணம் கீழே வருவதற்குள் என்ன ஆகிறது என்று பார்த்துப் பழகிய மனத்தில் எழும் கேள்வி இது.

4. செம்புலம்

போகிறது அம்மா. தோட்டத்தின் சம்பளக் கணக்கு வழியாகவே அது போகிறது. ஆனால் சம்பளச் சீட்டில் தனி வரியாக அச்சிடப்படும், நியாய உணவுத் திட்டம் என்று பெயர் பெற்ற இந்த ஒப்பந்த முறைக்கென்றே அமைத்த தனிக் குழு அந்தக் கணக்கைச் சரிபார்க்கும். 32 பவுண்டு வாளிக்கு 32 சென்ட் என்று பெருக்கிவிடக் கூடாது, ஏனென்றால் கையெழுத்திட்ட நிறுவனங்கள் வாங்கும் தக்காளிக்கு மட்டுமே அது பொருந்தும். வெண்டீஸ் போன்ற சில பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாகச் சேர மறுத்து வந்திருக்கின்றன. ஆனாலும் வாளிக்கு ஐம்பது சென்ட் அளவில் பல்லாண்டு தேங்கிக் கிடந்த கூலியோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை அல்ல.

5. கொழுந்துமலை

நான் இலங்கையின் மலையகத்தில் பிறந்தவன். கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் சில வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். நண்பர்கள் எழுதியவற்றை மறுக்கவில்லை, ஆனால் ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். கொள்முதலை நிறுத்துவது என்ற ஆயுதம் எல்லாக் கைகளிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. அரசாங்கங்கள் அதைக் கையில் எடுக்கும்போது அடி யார் மீது விழுகிறது என்று பாருங்கள்.

2010 ஓகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் நாட்டுக்கான ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை, அதாவது வளரும் நாடுகளின் பொருட்களுக்குத் தரும் இறக்குமதி வரிச்சலுகையை, நிறுத்தியது. காரணம் தொழிலாளர் சட்டமன்று. சித்திரவதைக்கு எதிரான சமவாயம் உள்ளிட்ட மனித உரிமைச் சமவாயங்கள், அதாவது சர்வதேச உடன்படிக்கைகள், நடைமுறைப்படுத்தப்படவில்லை என்பதே. அந்தக் குற்றச்சாட்டு நியாயமானது, அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் 2017 மே மாதம் சலுகை திரும்பி வரும் வரையான ஏழு வருடங்களில், முதலில் ஓர்டர் குறைந்தது தைத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குத்தான். எங்கள் போர்டிங் அறையில் மிகைநேர வேலை இல்லாமல் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாமற்போன பெண்கள் எந்தச் சமவாயத்தையும் மீறியவர்கள் அல்லர். கம்போடியாவுக்கும் 2020 ஓகஸ்டில் ஐரோப்பியச் சலுகையில் ஒரு பகுதி நிறுத்தப்பட்டது. ராணா பிளாசாவுக்குப் பிறகு அமெரிக்கா வங்கதேசத்துக்கான வரிச்சலுகையை 2013-இல் நிறுத்தியது. ஆனால் அந்தச் சலுகைத் திட்டத்தில் ஆடைகள் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. இடிந்தது ஆடைத் தொழிற்சாலை, சலுகை போனது வேறு பொருட்களுக்கு.

1996-இல் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர் மாநாட்டில், தொழிலாளர் தரங்களை வர்த்தகத் தடையாக்கக் கூடாது என்று இந்தியா உட்பட வளரும் நாடுகள் வாதாடியதைப் பலர் முதலாளி ஆதரவு என்று மட்டும் பார்க்கிறார்கள். அந்த வாதத்துக்குள் முதலாளியும் ஒளிந்துகொண்டார், உண்மைதான். ஆனால் பணக்கார நாடு தன் சந்தையைக் காக்க எங்கள் உரிமையைக் காரணம் காட்டும் என்ற பயம் வெறும் கற்பனை அல்ல.

6. வைகைமணல்

கொழுந்துமலை அவர்களின் கவலைக்கு ஒரு பகுதி விடை மெக்சிகோவில் இருக்கிறது. நாடு முழுவதையும் தண்டிக்காமல் ஓர் ஆலையை மட்டும் தொடும் முறை அது.

மெக்சிகோவின் ஏற்றுமதி ஆலைகளில் நெடுங்காலமாகத் தொழிலாளி முகம் பார்த்திராத சங்கங்கள் இருந்தன. ஆலை கட்டுவதற்கு முன்பே முதலாளியும் சங்கத் தலைவரும் ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். ‘பாதுகாப்பு ஒப்பந்தம்’ என்றே அதற்குப் பெயர், பாதுகாப்பு முதலாளிக்கு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கா–மெக்சிகோ–கனடா வர்த்தக ஒப்பந்தத்தில், சங்க உரிமை மறுக்கப்பட்டால் அந்த ஒரே ஆலையின் பொருளுக்கு மட்டும் சலுகையை நிறுத்தக்கூடிய விரைவு நடவடிக்கைப் பிரிவு சேர்க்கப்பட்டது. முதலாவதாக அமெரிக்க அரசு கையில் எடுத்தது சிலாவோ நகரிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை. 2021 ஏப்ரலில் அங்கே நடந்த ஒப்பந்த வாக்கெடுப்பில் வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டது தெரியவந்தது. ஆகஸ்டில் மறுவாக்கெடுப்பு நடந்தபோது தொழிலாளர்கள் பழைய ஒப்பந்தத்தைத் தோற்கடித்தார்கள். 2022 பிப்ரவரியில் அவர்களே அமைத்த சுதந்திரமான சங்கம் பெரும் வித்தியாசத்தில் வென்றது, அவ்வாண்டே 8.5 விழுக்காடு ஊதிய உயர்வு பெற்றது. ஆலை மூடப்படவில்லை, எவருடைய வேலையும் தண்டனையாகப் பறிபோகவில்லை. தடை விதிக்கப்படலாம் என்ற நிலையே போதுமானதாக இருந்தது.

ஆனால் அந்தப் பிரிவு தோட்டங்களைத் தொடுவதில்லை. உற்பத்தி, சேவை, சுரங்கம் என்று மூன்றை மட்டும் எழுதி விவசாயத்தை விட்டுவிட்டார்கள். அமெரிக்கக் கடைகளுக்கு ஸ்ட்ராபெரியும் தக்காளியும் அனுப்பும் சான் கின்தீன் பள்ளத்தாக்கில் 2015 மார்ச் 17 அன்று பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திச் சாலையை மறித்தார்கள். பெரும்பாலோர் ஓஹாகா மாநிலத்திலிருந்து பிழைக்க வந்த மிஸ்தெக், திரீக்கி பழங்குடியினர். நாளுக்கு 300 பெசோ கேட்டார்கள்; பேச்சின் முடிவில் தோட்டத்தின் அளவைப் பொறுத்து 150 முதல் 180 பெசோ வரை என்று முடிந்தது. கார் செய்பவருக்குத் திறந்த கதவு பழம் பறிப்பவருக்குத் திறக்கவில்லை. செம்புலம் அவர்கள் குறிப்பிட்ட 1935-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விலக்குதான், ஐ.நா.வின் தொழிலாளர் அமைப்பு எத்தனை தீர்மானம் போட்டாலும் நாட்டுக்கு நாடு திரும்பத் திரும்ப வருவதும் இதே விலக்குதான். இந்த விவாதத்தில் தோட்டத்தையும் ஆலையையும் ஒரே மூச்சில் பேசுகிறோம். சட்டம் அவ்விரண்டையும் ஒன்றாக நடத்துவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

7. தைபர்க்கரை

நான் பதினாறு ஆண்டுகளாக ரோம் நகரில் வசிக்கிறேன். இங்கிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் லத்தினா மாவட்டம். எங்கள் சந்தைக்கு முலாம்பழமும் கீரையும் வருவது அங்கிருந்துதான். அங்கே பறிப்பவர்களில் மிகப் பலர் பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர்கள். 2016 ஏப்ரலில் அவர்கள் இத்தாலியத் தொழிற்சங்கத்தின் துணையோடு வேலையை நிறுத்தி லத்தினா நகரச் சதுக்கத்தில் கூடினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் 199 என்ற எண்ணுடைய சட்டம் நிறைவேறியது. ஆள்பிடிக்கும் கங்காணிக்கு மட்டுமன்றி, அவனிடமிருந்து ஆளெடுத்துச் சுரண்டும் பண்ணைக்காரருக்கும் சிறை என்று சொல்லும் கடுமையான சட்டம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2024 ஜூனில், அதே மாவட்டத்தில் 31 வயதான பஞ்சாபி இளைஞர் ஒருவரின் கை பண்ணை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லாமல் அவர் குடியிருந்த வீட்டருகே இறக்கிவிட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழப்பெட்டியில் வைத்திருந்தார்கள். இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். அவரிடம் குடியிருப்பு ஆவணமோ வேலை ஒப்பந்தமோ இல்லை.

அந்தப் பழப்பெட்டியை என்னால் மறக்க முடியவில்லை. அடுத்த வாரம் சந்தையில் அதே மாதிரிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. எதையும் வாங்காமல் திரும்பிவிட்டேன். என் கேள்வி இது: ஆவணமற்றவர் புகார் சொன்னால் நாடு கடத்தப்படுவார் என்ற நிலை இருக்கும் வரை, சட்டமோ ஒப்பந்தமோ யாருக்கு எட்டும்?

8. நூற்கண்டு

தைபர்க்கரை அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நெடுநேரம் எதையும் எழுத முடியவில்லை. அவருடைய கேள்விக்குச் செம்புலம் விடை சொல்வார் என்று நம்புகிறேன். நான் விலையைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதுவே என் தொழிலாக இருந்தது.

ஒரு டி-சர்ட்டுக்கு டாலர் கணக்கில் விலை பேசும்போது நூல், சாயம், பட்டன், பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தை விலை உண்டு. அவற்றில் பையர் குறைக்கச் சொல்லும் இடம் சிறியது. எஞ்சுவது தையல் கூலி. ஷிப்மெண்ட் தேதியை இரண்டு வாரம் முன்னுக்கு இழுத்துவிட்டு, மிகைநேரம் கூடாது என்று விதிப்புத்தகத்தையும் அனுப்பினால், பொய்ப் பதிவேடு எழுதுவதைத் தவிர வேறு வழியைப் பையர் விட்டுவைப்பதில்லை. 2020-இல் கொரோனா தொடங்கியபோது வங்கதேச ஆலைகளில் 300 கோடி டாலருக்கும் மேற்பட்ட ஆர்டர்கள் ரத்தாயின அல்லது நிறுத்திவைக்கப்பட்டன. தைத்து முடித்த சரக்குக்கும் பணம் மறுத்தவர்கள் இருந்தார்கள். அங்கே குறைந்தபட்ச ஊதியம் 2023-இல் மாதம் 12,500 டாக்காவாக உயர்ந்தது. சங்கங்களின் கோரிக்கை 23,000. வீதிக்கு வந்தவர்களில் நால்வர் உயிரிழந்தார்கள். அக்கார்டு கட்டடத்தைத் திருத்தியது, கூலியைத் தொடவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இருந்தாலும் ஒப்பந்த முறை நாடு விட்டு நாடு பயணப்படுகிறது. ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஜீன்ஸ் தைக்கும் ஆலைகளில் பெண்கள் மீது நடந்த பாலியல் அத்துமீறல்கள் வெளிவந்த பிறகு, 2019-இல் லீவைஸ் உள்ளிட்ட மூன்று அமெரிக்க நிறுவனங்கள் அங்குள்ள சங்கங்களோடும் பெண்கள் அமைப்புகளோடும் கையெழுத்திட்டன. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆலையில் வேலை செய்த தலித் இளம்பெண் சூப்பர்வைசரால் கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின், 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. பெண்கள் நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஒருபுறம். ஆலை நிர்வாகமும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய ஆடை நிறுவனங்களும் மறுபுறம். லைனிலேயே தைக்கும் பெண்களில் சிலர் பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களாக இருக்கிறார்கள். வாசலில் சூப்பர்வைசர் நின்றாலும் பக்கத்து மெஷினில் தோழி இருக்கிறாள். என் செக்கிங் மேசைப் பெண்ணுக்கு அப்படி ஒருத்தி இல்லை.

9. செம்புலம்

தைபர்க்கரை அவர்களுக்கு: இம்மாக்கலி திட்டத்தில் புகார் சொல்பவரின் குடியேற்ற ஆவணத்தை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு பருவத்திலும் வேலை நேரத்திலேயே, அந்த நேரத்துக்குக் கூலியும் கொடுத்து, தோட்டத்தில் பறித்துப் பழகிய தொழிலாளர்களே மற்றவர்களுக்கு உரிமைகளை விளக்குகிறார்கள். கையில் ஒரு சிறு புத்தகமும் தொலைபேசி எண்ணும் கொடுக்கிறார்கள். அந்த எண்ணில் நள்ளிரவிலும் ஆள் இருக்கிறார், ஸ்பானிய மொழியில் பேசுகிறார். புகார் சொன்னவரைப் பழிவாங்குவதும் விதிமீறலே. நாடு கடத்தப்படும் அச்சத்தை இது முழுதும் நீக்கிவிடாது. குடியேற்றச் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் எச்-2ஏ என்ற பருவகால விவசாய வேலை விசாவில் வருவோரின் நிலையும் எளிதன்று. ஆனால் லத்தினாவில் அந்த இளைஞரோடு வேலை செய்தவர்களின் சட்டைப்பையில் அப்படி ஓர் எண் இருந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

கொழுந்துமலை அவர்களின் எச்சரிக்கையை ஏற்று என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். கொள்முதலை நிறுத்தும் பிடி அரசின் கையில் மட்டும் இருந்தால் போதாது. எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று தொழிலாளரின் சங்கம் சொல்ல வேண்டும். தங்கள் ஊர்த் தேயிலைக்கு இந்த முறை பொருந்துமா?

10. கொழுந்துமலை

திருத்தத்துக்கு நன்றி. இப்போது நமக்குள் பெரிய வேறுபாடு இல்லை. தேயிலைக்கு இது எளிதாகப் பொருந்தாது, காரணத்தைச் சொல்கிறேன். புளோரிடாத் தக்காளி தோட்டத்திலிருந்து பெரிய வாங்குபவருக்குப் போகும் பாதை குறுகியது. எங்கள் தேயிலையில் மிகப் பெரும்பகுதி கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. அங்கே தரகர் வழியாக வாங்கும் ஏற்றுமதியாளர் பல தோட்டத்துத் தூளைக் கலந்து அனுப்புகிறார். பெட்டியின் மேல் இலங்கைத் தேயிலையின் சிங்கச் சின்னம் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்காது. யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பதே முதற்கேள்வி. சில பெரிய பிராண்டுகள் அண்மைக் காலத்தில் தாம் வாங்கும் தோட்டங்களின் பட்டியலை வெளியிடத் தொடங்கியிருப்பதால், அங்கிருந்து தொடங்க முடியும் என்று தோன்றுகிறது.

உங்கள் முதற்பதிவைப் படித்தபோது அம்மாதான் நினைவுக்கு வந்தார். மாலையில் தராசடியில் வரிசையாக நிற்பார்கள். கொழுந்தை நிறுத்ததும் சாக்குக்கென்று ஒன்று, ஈரத்துக்கென்று ஒன்று, மழை நாளில் இன்னும் ஒன்று எனக் கிலோ கழித்துத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். அன்றைய கணக்கு நிறையாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். வெயில் கொளுத்தும் நாளிலும் ஈரத்துக்குக் கழித்ததை ஒரு நாள் அம்மா கேட்டார். மறுநாள் அவருக்குச் சரிவான, கொழுந்து குறைந்த நிரை கொடுக்கப்பட்டது. வாளியின் விளிம்பைப் போலவே, எங்கள் ஊரில் முதலில் எழுதப்பட வேண்டிய விதி அந்தத் தராசைப் பற்றியது.